தலைநகரில் ஐந்து இரவுகள்

ஆற்காட்டுக் கிளைத் தணிக்கைக்கு ஆணை வந்தபோது
"தலைநகரப் பணி, போய்ட்டு வாங்க" என்று சிரித்தார் மண்டல மேலாளர்.
நவாபின் தலைநகர் அது.
நாடு போய்விட்டது, தில்லி வாசல் மட்டும் நிற்கிறது.
அதைத் தாண்டிப் போனால் தில்லி வருவதில்லை.
பாலாறு வருகிறது,
அதிலும் பெரும்பாலும் மணல்.

பகலெல்லாம் நகைக்கடன் பைகளை எடை போட்டேன்.
சீல் உடையாமல் இருக்கிறதா,
கல்லைக் கழித்தார்களா, அரக்கைக் கழித்தார்களா.
யாரோ ஒருத்தியின் ஒற்றைத் தோடு
ஒன்றே கால் கிராம்.
ஷட்டர் இறங்கும்போது பசி ஏறியிருந்தது.

முதல் இரவு, பைபாஸ் ஓரம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் சுற்றிக்கொண்டிருந்தன
ஒரே திசையில், அவசரமே இல்லாமல்,
எங்கள் பதவி உயர்வுக் கோப்புகளைப் போல.
"எத்தனை பேரு மேடம்?"
"ஒருத்தி."
"ஃபேமிலி ரூம் மேல இருக்கு."
குடும்பம் என்று ஒட்டியிருந்த கதவைத் தள்ளினேன்.
நான்கு நாற்காலி, ஒரு ஏசி, நான்.
"குவார்ட்டர் கிரில்."
"குவார்ட்டர் தீந்துடுச்சு. ஹாஃப்தான்."
பாதி இருக்கும்போது கால் எப்படித் தீரும்?
சம்பளம் வாங்குவதே இப்படிக் கேட்பதற்குத்தான்.
கேட்கவில்லை.
மிச்சக் காலை லாட்ஜ் காவலாளிக்குக் கட்டிக்கொண்டு போனேன்.
அவர் சைவம்.

இரண்டாம் இரவு மேல்விஷாரம்.
கரியில் வாட்டிய அல்ஃபஹாம்,
கருகிய ஓரத்தில்தான் அதன் உயிர்.
பக்கத்து மேசையில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி எட்டுக் கைகள்,
ஒரு குழந்தை எலுமிச்சையை நக்கி
முகம் சுளித்து
மறுபடி நக்கியது.
அன்றும் எனக்குக் கதவு வைத்த அறைதான்.
கதவிடுக்கில் பார்த்தது இவ்வளவும்.

மூன்றாம் இரவு ராணிப்பேட்டை, மழை.
மயோனைஸ் தண்ணீர்.
சொல்ல வேறொன்றும் இல்லை.

நான்காம் இரவு முதல் கடைக்கே திரும்பினேன்.
மாடிப்படிக்குக் கை காட்டியவரிடம்
"கீழயே உக்காந்துக்கறேன்" என்றேன், அடுப்பைப் பார்த்து.
"அங்க சூடு மேடம்."
"தெரியும்."
ஆறேழு செல்பேசிகள் ஒரு கணம் தாழ்ந்து
மறுபடி உயர்ந்தன.
அவ்வளவுதான். வானம் இடியவில்லை.

அடுப்படியில் இம்தாதுல், பார்பேட்டா பக்கம்.
அவன் தமிழில் எண்கள் மட்டும் பிழையில்லாமல் வரும்.
உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த செல்பேசியில்
ஒரு பெண் தரையில் அமர்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.
இங்கே கொழுப்பு சொட்டித் தணல் சீறும்போதெல்லாம்
அங்கே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
பேச்சே இல்லை.
அவன் புரட்டினான், அவள் பிசைந்தாள்.
என்னைக் கண்டதும் அவள் முக்காட்டைச் சரிசெய்து
எச்சில் கையை உயர்த்தினாள்.
என் கையும் எச்சில்தான், உயர்த்தினேன்.
மூன்று நாளாக ஏசியில் உட்காரவைத்து
இதையா மறைத்தார்கள்?

ஐந்தாம் இரவு அறிக்கை முடிந்தது.
குறைபாடுகள் பதினொன்று, கையெழுத்து, முத்திரை.
நான் வாய் திறக்குமுன் தட்டு வந்தது, பாதிக் கோழி.
பில்லில்: கிரில் கால் 1, குபூஸ் 2.
இம்தாதுலைப் பார்த்தேன்.
அவன் கம்பியைப் பார்த்தான்.
வேறுபாடு, கால் கோழி.
விளக்கம் கோரப்படவில்லை.

விளக்கம் கோராதது என் பணியில் இது முதல் முறை.
ரசீதின் மறுபக்கம் எழுதிப் பார்த்துக் கிழித்தேன்.
கல்லாவில் இஸ்தியாக் பாய் மீதிச் சில்லறைக்கு
இரண்டு புதினா மிட்டாய் தந்தார்.
காட்பாடியில் ரயில் நாற்பது நிமிடம் தாமதம்.
மிட்டாய் ஒன்று தீர்ந்தது.
விரல்களை முகர்ந்தேன்:
கரி, எலுமிச்சை,
அடியில் எங்கோ
அரக்கு.